முடியாது என்ற சொல்

எங்கள் மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் ஒரே காலையில் ஒன்பது பேர் பேச்சிழந்து வந்து உட்கார்ந்தார்கள். புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. பெங்களூரில் ஒரு நிறுவனம் கதவை மூடியிருந்தது, அவ்வளவுதான்.

என் பெயர் ஹலீமா. பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது தூத்துக்குடியில் என் வேலை. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு வார்த்தைகள் போய்விடும். சொல்ல நினைப்பது தெளிவாக இருக்கும். நாக்கும் உதடும் நன்றாக இருக்கும். நடுவில் சொல் மட்டும் கிடைக்காது. தண்ணீர் கேட்க முடியாமல் செம்பைக் காட்டி அழுத பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்களுக்காக வந்ததுதான் அந்தக் கருவி. காதுக்குப் பின்னால் அறுவை செய்து பொருத்துவார்கள், ஒரு நாணயம் அளவில் இருக்கும். நோயாளிகள் அதற்கு வைத்த பெயர் ‘சொல்லி’. மனதில் எழும் பொருளை அது பிடித்து, எங்கோ இருக்கும் ஒரு சர்வரிடம் கேட்கும். சர்வர் ஏற்ற சொல்லைத் தேடி அனுப்பும். ‘சொல்லி’ அதை மூளைக்குள் லேசாகத் தட்டிவிட, மனிதர் தன் சொந்த வாயால், சொந்தக் குரலில் பேசிவிடுவார். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும்.

அதை நடத்திய பெங்களூர் நிறுவனம் நொடித்ததும், சட்டப்படி ஒவ்வொருவரின் சொல் சேமிப்பையும் ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டு சர்வரை நிறுத்திவிட்டார்கள். பென்டிரைவை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? ஒருவர் அதை என் மேசைமேல் வைத்து, வாயைத் திறந்து காட்டினார்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் பலவேசம். ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் பேச்சாளர். மைக் இல்லாமலே அவர் குரல் கப்பல் நிற்கும் வார்ஃபின் கடைசிவரை கேட்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு ‘சொல்லி’ அவருக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் ஆள் மாறிவிட்டார் என்றார்கள். நிர்வாகத்தோடு நடந்த முக்கியமான பேச்சுவார்த்தையில் “பார்க்கலாம்”, “உங்க கஷ்டமும் புரியுது” என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். சரக்கு ஏற்றி இறக்கும் வேலை முழுக்க ஒப்பந்தக்காரர்கள் கைக்குப் போனது. ஆள் விலை போய்விட்டான் என்று சங்கத்திலேயே பேசினார்கள். அவர் அதையும் மறுத்துப் பேசவில்லை. எனக்குத் தெரிந்த பலவேசம் இந்த ஆறு வருடத்துப் பலவேசம்தான். சாதுவான, புன்னகை மாறாத மனிதர்.

அவருடன் வந்தவள் மனைவி ஜெனோவா. மணப்பாடு ஊர்க்காரி. துறைமுக அலுவலகத்தில் கண்டெய்னர் விவரங்கள் இருக்கும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாற்பது வயதுக்கு மேல், மூன்று வருடங்களுக்கு முன்னால்தான் பலவேசத்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். இருவருக்கும் அது முதல் கல்யாணம்.

“மேடம், இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டேன்,” என்றாள் பென்டிரைவைத் தூக்கிக் காட்டி. “பயப்பட ஒண்ணுமில்ல. வார்த்தை எல்லாம் ஒரு டேபிள்ல, அர்த்தம் எல்லாம் இன்னொரு டேபிள்ல, எதுக்கு எது சொந்தம்னு நடுவுல ஒண்ணு. அவங்களும் போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ் சர்வர்தான் வச்சிருந்திருக்காங்க. நான் ஆபீஸ்ல தினமும் மேய்க்கது அதைத்தான்.”

“அந்த சர்வரை யார்கிட்ட வாங்கணும்?”

“யார்கிட்டயும் வாங்க வேண்டாம். யார் வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாம். உலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதினது, இன்னும் எழுதிக்கிட்டே இருக்காங்க. உள்ள என்ன நடக்குன்னு பிரிச்சும் பாக்கலாம். கம்பெனி மூடினா இது மூடாது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாறீங்களா? சர்வர நான் பாத்துக்குவேன். காதுக்குப் பின்னால இருக்கத டியூன் பண்ண நீங்க வேணும்.”

போனேன். முத்தையாபுரத்தில் மாடி வீடு. ஜெனோவா சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்த சேலையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பலவேசம் கட்டிலில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வரை இன்ஸ்டால் செய்வதற்கு நான் காபி குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று கேட்டேன்.

“இனிமேத்தான் மேடம் வேலையே.”

பென்டிரைவிலிருந்து சொற்களை உள்ளே ஏற்றினாள். முதல் வரியிலேயே சர்வர் மறுத்து நின்றது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவளோ திரையில் வந்த பிழைச் செய்தியை எழுத்து விடாமல் வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

“தப்பு என்மேலதான். டேட்டாபேஸ உருவாக்கும்போதே உள்ள வரப்போறது எந்த எழுத்துன்னு சொல்லணும். நான் சொல்லல. பழைய ஐரோப்பிய எழுத்துன்னு அது நெனச்சுக்கிச்சு. தமிழ் வந்ததும் ‘இது எனக்குத் தெரியாது’ங்குது. வேற சில டேட்டாபேஸ் இருக்கு, தெரியலன்னா கேள்விக்குறியாப் போட்டு நெரப்பிட்டு, எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிரும். பத்து நாள் கழிச்சுத்தான் நமக்கே தெரியும். இது தெரியாதுன்னா தெரியாதுன்னு நிக்கும். அதான் எனக்கு இதுகிட்டப் புடிச்சது.”

அழித்துவிட்டு, எழுத்து முறையைச் சொல்லி, மறுபடி உருவாக்கினாள். இந்த முறை சொற்கள் வரிசையாக உள்ளே போயின. நான் பலவேசத்தின் காதுக்குப் பின்னால் இருந்த கருவியில் புதிய சர்வரின் முகவரியைக் கொடுத்தேன். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இணைப்பு மறுக்கப்பட்டது என்று என் கையிலிருந்த திரை சொன்னது.

“சர்வர் முழிச்சுத்தான் இருக்கு,” என்றாள். “ஆனா தன் வீட்டுக்குள்ள இருந்து கூப்பிட்டாத்தான் அதுக்குக் காது கேக்கும். புதுசாப் போட்டா அப்படித்தான் இருக்கும், பாதுகாப்புக்காக.”

ஒரு கோப்பைத் திறந்து ஒரே ஒரு வரியை மாற்றினாள். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் பிழை. ஆனால் ஜெனோவா கை தட்டினாள்.

“என்ன ஜெனோவா, இதுக்குப் போயி கை தட்டுறீங்க?”

“பிழை மாறிருச்சுல்லா மேடம்! முன்ன கதவே இல்ல. இப்ப கதவுக்குள்ள இருந்து ‘நீ யாரு, ஒன் பேரு எங்கிட்ட இல்லயே’ங்குது. அப்போ நாம கதவுகிட்ட வந்துட்டோம்.”

யார் யாரை உள்ளே விடலாம் என்று இன்னொரு கோப்பில் இருந்தது. அதில் கருவியின் பெயரைச் சேர்த்தாள். நான் இருபது வருடமாக நோயாளிகளோடு வேலை செய்கிறேன். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, என்ன ஆனதென்று பார், அடுத்ததற்குப் போ என்று ஒவ்வொரு பயிற்சி மாணவிக்கும் சொல்கிறேன். அதை இவ்வளவு பொறுமையாகச் செய்யும் ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். ஒரு தடவையும் அவள் ஊகித்து எதையும் தட்டவில்லை. கணவன் பின்னால் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்போதும் அவள் விரல் பதறவில்லை.

“கா...பி,” என்றார் பலவேசம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு, “வேணும்.”

நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஜெனோவா திரும்பி அவர் கன்னத்தைத் தொட்டுவிட்டு உடனே திரைக்குத் திரும்பினாள்.

“ரொம்ப மெதுவா வருது. இப்பத்தான் குடி வந்துருக்கு, எந்தச் சாமான் எங்க இருக்குன்னு அதுக்கு இன்னும் தெரியல. ஒரு தடவ சுத்திப் பாத்துட்டு வரச் சொல்லுதேன்.” ஏதோ கட்டளை கொடுத்தாள். வேகம் கூடியது. ஆனாலும் அவளுக்குத் திருப்தியில்லை. “இன்னும் எங்கயோ இடிக்கு. ஒரு வார்த்தைய எப்படித் தேடுறேன்னு அதுகிட்டயே கேக்கலாம். எந்தெந்த டேபிளுக்குப் போறேன், எதை வச்சு வரிசைப்படுத்துறேன்னு அதுவே சொல்லும்.”

கேட்டாள். பதில் வந்தது. வாசித்தாள். மறுபடி ஒரு தடவை வாசித்தாள்.

“மேடம், கொஞ்சம் அடுப்படிக்கு வாங்க,” என்றாள்.

அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவான குரலில் சொன்னாள்.

“ஒரு அர்த்தத்துக்கு ஏழெட்டு வார்த்தை இருக்கும். அர்த்தத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கது மொதல்ல வரணும், அதான் நியாயம். ஆனா இந்த டேபிள்ல இன்னொரு கட்டம் இருக்கு. ஒவ்வொரு வார்த்தைக்கும் எவ்வளவு இதமானதுன்னு ஒரு எண்ணு. இதமில்லாத வார்த்தைய எல்லாம் அடியில தள்ளிருது. ‘சொல்லி’ மேல இருக்கத மட்டுந்தான் எடுக்கும். ‘முடியாது’ அடியில கெடக்கு மேடம். அவர் முடியாதுன்னு நெனச்சா ‘பார்க்கலாம்’ வருது. ‘வேண்டாம்’னு நெனச்சா ‘உங்க விருப்பம்’ வருது.”

எனக்கு உடனே புரிந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு முதலில் திரும்பி வருவது வசைச்சொல்தான். அவர்களை அறியாமலே கொட்டும். குடும்பங்கள் கூனிக்குறுகிப் போகும். அதைத் தடுக்கத்தான் அந்த எண்ணை வைத்திருப்பார்கள்.

“ஆமா, எழுதியே வச்சிருக்காங்க,” என்றாள் ஜெனோவா. “அறுவை முடிஞ்சு மூணு மாசத்துக்கு மட்டும், அப்புறம் பூஜ்யம் ஆக்கிடணும்னு. யாரும் ஆக்கல. எல்லாருக்கும் முதல்ல வச்ச மதிப்பே அப்படியே நின்னுருச்சு. யாரும் கெட்டவங்க இல்ல. மறந்துட்டாங்க.”

“அவர் ஒரு தடவைகூட இதைப் பத்திச் சொன்னதில்லையே?”

“எதை வச்சுச் சொல்லுவாரு? புகார் சொல்லுற வார்த்தையும் அடியிலதான கெடக்கு.”

கேஸ் அடுப்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அவள் தொடர்ந்தாள். “மேடம், கல்யாணம் பண்ணிக்கலாமான்னு மொதல்ல கேட்டது நான்தான். பென்ஷன் விவரத்துல பேரு தப்பா இருக்குன்னு என் சீட்டுக்கு வந்தாரு. அப்படித்தான் பழக்கம். நான் கேட்டப்ப அவர் என்ன சொன்னார் தெரியுமா?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“‘உங்க விருப்பம்’னாரு.”

“ஜெனோவா, அந்த எண் அப்படியே இருந்தா யாருக்கும் தெரியப்போறதில்ல. உங்களைத் தவிர,” என்றேன். அதைச் சொன்ன வேகத்தில் அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கோபம் இல்லை அதில். நான் சொன்னதைக் கொஞ்ச நேரம் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

“இல்ல மேடம்,” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

கட்டிலருகே போய் நின்று, “ஏங்க, ஒண்ணு கேக்கணும். ஹலீமா மேடம் ‘சொல்லி’ய ஆஃப் பண்ணுவாங்க. அதுக்கப்புறம் கேக்கேன்,” என்றாள்.

இப்போதுதானே பேச்சு வந்தது என்று நான் தயங்கினேன்.

“இது ஓடும்போது அவர் சரின்னு சொன்னா, அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் மேடம்?” என்றாள்.

அணைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டேபிள், இதம், அடியில் கிடக்கும் சொற்கள், மறந்துபோன மூன்று மாதம். தன் கல்யாணத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. “எடுத்துரட்டுமா? வேண்டாம்னா அப்படியே விட்டுருதேன். உங்க வாய், நீங்கதான் சொல்லணும்.”

பலவேசம் தலையாட்டவில்லை. பக்கவாதம் தொடாத நல்ல கையை நெஞ்சின் மேல் வைத்தார். பிறகு திரையை நோக்கி, பலகையில் எழுதியதைத் துடைத்தெறிவதுபோல் வீசினார். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. கண்ணீர் தாடை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஒரே ஒரு வரியைத் தட்டினாள். நான் கருவியை உயிர்ப்பித்தேன்.

“எளவு,” என்றார் பலவேசம்.

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு அசந்துபோய் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, ருசி பார்ப்பதுபோல, “முடியாது,” என்றார். அதன் பிறகு அந்த அறை அவருக்குப் போதவில்லை.

“முடியாதுல! முடியாதுன்னுதான்ல அன்னைக்கும் சொன்னேன்! அத்தன பேரு முன்னாலயும் சொன்னேன். வாயத் தொறந்தா ‘பார்க்கலாம்’னு வருது! எவன்கிட்ட போய்ச் சொல்ல? எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சோ, பயந்தாங்கொள்ளி ஆயிட்டனோன்னு ஆறு வருசமா... ஆறு வருசமா...”

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். ஜெனோவா அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. ஓரடி பின்னால் நகர்ந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

அடுத்த வாரம் பலவேசம் சங்க அலுவலகத்துக்குப் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. தெருமுனை டீக்கடைவரை கேட்டது என்று மட்டும் சொன்னார்கள். திரும்பி வரும்போது மற்ற எட்டுப் பேருக்கான சர்வரை வைக்க அங்கேயே ஓர் அறையும் மின்சாரமும் வாங்கி வந்திருந்தார். போன வேலைகள் திரும்பி வரவில்லை. ஆனால் பழைய ஆட்கள் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள்.

ஜெனோவா அந்த அறையில் விடுமுறை நாளெல்லாம் செலவழித்தாள். ஒருவர் சொற்களை இன்னொருவர் தொட முடியாதபடி ஒவ்வொருவருக்கும் தனி டேட்டாபேஸ் அமைத்து, அதன் உரிமையை அவரவர் பேரிலேயே எழுதினாள். சர்வரை நிர்வகிக்கும் தனக்குக்கூட ரிப்பேர் இல்லாத நேரத்தில் உள்ளே போக வழி வைத்துக்கொள்ளவில்லை. “ரிப்பேர்னா கூப்பிட்டுத் தொறந்துவிடட்டும். அதுக்கு மேல எனக்கு எதுக்கு?” என்றாள். ஒவ்வொருவரிடமும் கருவியை அணைத்துவிட்டே கேட்டாள்.

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. லாரி டிரைவராக இருந்த ஒருவரின் மனைவி சண்முகத்தாய் ஜெனோவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத அப்படியே விட்டுருங்கம்மா. அந்த வாயில என்ன வரும்னு எனக்குத்தான் தெரியும். சீக்கு வந்த பெறகுதான் என் வீடு வீடா இருக்கு. என் புள்ளைக நிம்மதியாத் தூங்குது.”

ஜெனோவா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த அம்மாள் சொன்னதை எல்லாம் கடைசிவரை கேட்டாள். பிறகு சொன்னாள்: “அக்கா, நீங்க சொல்லுறது பொய்யில்ல. ஆனா அது அவர் நாக்கு. அவருக்குத் தெரியாம நான் பூட்டுப் போட முடியாது. நீங்க இப்ப எங்கிட்ட சொன்னத அவர்கிட்டயே சொல்லுங்க. மெஷின் இல்லாதப்ப சொல்லுங்க. கேக்கட்டும்.”

கருவியை அணைத்த பிறகு, கதவோரம் நின்றே சண்முகத்தாய் சொன்னாள். அந்த டிரைவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டார். ஜெனோவா கேள்வியைக் கேட்டபோது, கையைக் கழுத்து மட்டத்தில் வைத்து, பிறகு நெஞ்சு மட்டத்துக்கு இறக்கிக் காட்டினார். முழுவதும் எடுக்க வேண்டாம், பாதி இருக்கட்டும் என்று. அப்படியே அமைத்தாள். அவர் என்றைக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் இருவருக்கும் சேர்த்துச் சொன்னாள். சண்முகத்தாய்க்கு அது போதவில்லை. இப்போதும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஜெனோவா தன் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. “எப்படி இருக்கீங்க?” என்று விசாரித்தால், “சண்ட போடுறோம் மேடம். கொழம்புல புளி கூடிருச்சுங்கார். பைக்க ஏன் வெயில்ல விட்டேங்கார். நல்லாத்தான் இருக்கு,” என்பாள். சொல்லிவிட்டு வேறெங்கோ பார்ப்பாள்.

மழைக்காலம் தொடங்கியபோது பலவேசத்தைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பரிசோதனையை முடித்துவிட்டு, போகலாம் என்றேன். அவர் எழுந்தார். அவள் எழவில்லை.

“ஒரு நிமிசம் உக்காருங்க,” என்றாள் அவரிடம். என்னை வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். மாறாக, நான் இருப்பது அவளுக்குத் தெம்பாக இருந்தது போலும். “அன்னைக்கு நான் கேட்டேன்ல, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. உங்க விருப்பம்னு சொன்னீங்க. அது நீங்க சொன்னதா, மெஷின் சொன்னதா?”

பலவேசம் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். சர்வர் தாமதிக்கவில்லை, என் திரையில் தெரிந்தது.

“வேண்டாம்னுதான் சொன்னேன்,” என்றார்.

ஜெனோவா தலையை மட்டும் அசைத்தாள். ஏற்கெனவே தெரிந்த விடையைக் கேட்டதுபோல.

“ஒரு கையி வெளங்கல. ஒரு காலு வெளங்கல. ஊரு பூரா விலைபோனவன்னு பேசுது. இவன எதுக்கு ஒன் தலையில கட்டணும்னு வேண்டாம்னேன். வாயில வேற வார்த்த வந்துருச்சு. நீ சிரிச்சிட்ட. நான் என்ன செய்ய?”

“அப்போ மறுத்துச் சொல்ல முடியாமத்தான்...” அவள் குரல் உடைந்தது. “மூணு வருசம்...”

“ஏய், இங்க பாரு. சொல்ல விடு.” பலவேசம் மேசையைத் தட்டினார். “மெஷின் காதுக்குப் பின்னாலதான இருந்துச்சு? காலுல ஒண்ணும் வைக்கலயே? ரெஜிஸ்தர் ஆபீஸு ரெண்டாவது மாடி. லிஃப்ட்டு கெடையாது. யாரு என்னத் தூக்கிட்டுப் போனா? இந்தக் கால இழுத்துக்கிட்டு, கம்பியப் புடிச்சு, ஒவ்வொரு படியா நான்லா ஏறுனேன். வேண்டாம்னா கீழயே நின்னுருக்க மாட்டனா? ஒனக்கு முந்தியே போய் நின்னவன்ட்ட வந்து கேக்கா, கேள்வி.”

ஜெனோவா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். “நீங்க ஒண்ணும் முந்தி வரல. நான்தான் முதல்ல வந்தேன். அரை மணி நேரம் உங்களுக்காகக் காத்துக்கிட்டு நின்னேன்,” என்றாள்.

“இல்ல,” என்றார் பலவேசம், அடுத்த அறைக்குக் கேட்கும்படி. “இல்ல. நான்தான்.”

அடுத்த நோயாளியைக் கூப்பிட நான் கதவருகே போனபோதும், இருவரும் அதைப் பற்றியே வாக்குவாதம் செய்துகொண்டு வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார்கள்.